வீட்டு நர்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறீர்களா? ஓய்வையும் முதல் நாளே பேசிவிடுங்கள்

ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முடிந்தால் அடுத்த சிஸ்டர் வந்து நிற்பார், நோட்டில் எழுதி ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். வீட்டு டியூட்டியில் அப்படி வந்து நிற்க ஆள் கிடையாது. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் தாத்தா, இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பாட்டி, மறதி நோய் வந்த ரிட்டயர்டு வாத்தியார், கடைசிக் கட்டப் புற்றுநோயில் வலிக்கு மட்டும் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் அம்மா என்று யாராக இருந்தாலும், அந்த அறைக்குள் நீங்கள் ஒருவர்தான். வேலையை விட்டுப் போகிற பெண்களைக் கேட்டால் சம்பளத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் "தூக்கமே இல்லக்கா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். சென்னையில் பல வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், புதிதாக வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: ஓய்வு, சாப்பாடு, லீவு எல்லாம் வேலை போக மிச்சமிருந்தால் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். சம்பளம் பேசுகிற அதே பேச்சில் இதையும் பேசி முடித்துவிடுங்கள். பின்னால் கேட்டால் ஏதோ சலுகை கேட்கிற மாதிரி ஆகிவிடும்.

1. சேரும் முன் ஏஜென்சியில் கேட்க வேண்டியவை

டியூட்டி மூன்று விதம். காலை 8 முதல் இரவு 8 வரை, இரவு 8 முதல் காலை 8 வரை, அப்புறம் தங்கிப் பார்க்கிற 24 மணி நேர டியூட்டி. தங்கிப் பார்த்தால் சாப்பாடும் இடமும் கிடைக்கும், ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு வாடகை மிச்சம், கையில் கூடுதலாகப் பணம் வரும். அதனால்தான் விழுப்புரம், திருவண்ணாமலை, தர்மபுரி பக்கமிருந்து வரும் பெண்கள் பலர் நேராக அதற்கே போகிறார்கள். போகலாம், தப்பில்லை. ஆனால் 24 மணி நேரம் என்று பேப்பரில் எழுதியிருப்பதற்கு 24 மணி நேரமும் கண் விழித்திருப்பது என்று அர்த்தம் இல்லை என்பதை, உங்களை வீட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரர் வாயாலேயே, நோயாளியின் வீட்டாருக்கும் கேட்கிற மாதிரி, சொல்ல வைக்க வேண்டும்.

கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நோயாளிக்கு என்ன பிரச்சினை, எடை எவ்வளவு, மூக்குக் குழாய் இருக்கிறதா, தொண்டையில் துளை போட்டு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறதா (இதைத்தான் டிரக்கியாஸ்டமி என்பார்கள்), யூரின் டியூப் இருக்கிறதா, படுக்கைப் புண் இருக்கிறதா, இரவில் சளி உறிஞ்ச சக்ஷன் போட வேண்டியிருக்குமா. வாரத்தில் எந்த நாள் லீவு, அன்றைக்கு உங்களுக்குப் பதிலாகப் பார்க்கிற ரிலீவரை யார் அனுப்புவது, ரிலீவர் வராவிட்டால் யாருக்குப் போன் செய்வது. சம்பளம் எந்தத் தேதியில் எந்தக் கணக்கில் வரும், வீட்டார் கொடுப்பதில் ஏஜென்சி பிடிப்பது எவ்வளவு. இதையெல்லாம் கேட்டால் "ரொம்பக் கேள்வி கேக்குற பொண்ணு" என்று சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். பதில் சொல்கிற ஏஜென்சியில் சேருங்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஒரிஜினல் அவர்கள் பீரோவில் இருந்தால் நீங்கள் லீவு கேட்கவும் தயங்குவீர்கள், வேலையை விடவும் தயங்குவீர்கள். ஜிஎன்எம், ஏஎன்எம், பிஎஸ்சி என்று நர்சிங் படித்தவர்கள் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தின் பதிவை உயிரோடு வைத்திருங்கள், நாளைக்கு ஆஸ்பத்திரிக்கோ வெளிநாட்டுக்கோ போக அதுதான் சாவி.

அப்புறம் இஎஸ்ஐ, அதாவது ஊழியர்களுக்கான அரசுக் காப்பீடு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஏஜென்சி என்றால், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இஎஸ்ஐ பதிய வேண்டும். உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான், 16,000 சம்பளத்துக்கு 120 ரூபாய். முதுகு பிடித்து ஒரு வாரம் படுத்தால் அப்போது இதன் அருமை தெரியும். "நீங்க எங்க ஊழியர் இல்ல, கமிஷனுக்கு அனுப்புறோம்" என்று சொல்கிற ஏஜென்சிகளும் உண்டு. அப்படியானால் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் நீங்களே பதிந்துகொள்ளுங்கள், 16 முதல் 59 வயது வரை பதியலாம், ஆதார், அதோடு இணைத்த போன் நம்பர், வங்கிக் கணக்கு விவரம் இருந்தால் போதும்.

2. வீட்டுக்குள் நுழைந்த முதல் நாள்

முதல் நாள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், பையைப் பிரிக்கும் முன், முடிவெடுக்கிறவர் யாரோ அவரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் மகள் அல்லது மருமகள், சில வீட்டில் அமெரிக்காவில் இருக்கும் மகன் வீடியோ காலில் வருவார். நான் எங்கே படுப்பது, எந்த பாத்ரூம், சாப்பாடு எத்தனை மணிக்கு, ராத்திரி அவசரம் என்றால் யாரை எழுப்புவது, டாக்டர் நம்பர் எது. உடை மாற்றும் அறையிலோ படுக்கும் இடத்திலோ கேமரா இருக்கிறதா என்பதையும் நேராகக் கேளுங்கள். நோயாளி அறையில் கேமரா வைப்பது இப்போது சகஜம், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது ஒரு நிம்மதி, உங்களுக்கும் ஒரு பாதுகாப்பு. நீங்கள் உடை மாற்றுகிற இடத்தில் மட்டும் இருக்கக்கூடாது, அதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

படுக்க இடம் என்றதும் நோயாளி கட்டிலுக்குக் கீழே ஒரு பாயைக் காட்டுவார்கள். ஒரு மடக்குக் கட்டிலும் மின்விசிறிக் காற்றும் கேளுங்கள். தயக்கமாக இருந்தால், "அம்மா, ராத்திரி நாலு தடவை எழுந்து திருப்பிப் போடணும், தரையிலிருந்து எழுந்தா எனக்கு இடுப்பு போயிடும், அப்புறம் ஐயாவை யாரு தூக்குறது" என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். எல்லாமே நோயாளிக்கு எப்படிப் பயன்படும் என்று சொல்லிக் கேட்டால் பாதிச் சண்டை வராது.

பேசியதை ஒரு வெள்ளைத்தாளில் நேர அட்டவணையாக எழுதி பிரிட்ஜ் மேல் ஒட்டிவிடுங்கள். மருந்து, ஃபீடிங், குளியல், திருப்பிப் போடுவது, அதோடு "மதியம் 2 முதல் 4 வரை சிஸ்டர் ஓய்வு, அம்மா பார்த்துக்கொள்வார்" என்று அதே தாளில், அதே பேனாவில். அந்த வரி அங்கே இருந்தால்தான் சொந்தக்காரர்கள் வந்து "சிஸ்டர் தூங்குது" என்று சொல்லும்போது வீட்டம்மாவே பதில் சொல்வார்.

3. இரவுத் தூக்கத்தைக் காப்பாற்றுவது

இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும் என்றுதான் படித்திருக்கிறோம், அது சரியும்கூட. ஆனால் 10, 12, 2, 4, 6 என்று எழுந்துவிட்டு, நடுவில் யூரின் பேக், நடுவில் மருந்து, நடுவில் இருமல் என்று போனால் தொடர்ச்சியாக ஒரு மணி நேரம்கூடத் தூங்க முடியாது. அதனால் இரவு வேலைகளை ஒன்றாகச் சேருங்கள். 12 மணிக்குத் திருப்பும்போதே டயப்பர் பார்ப்பது, யூரின் பேக் காலி செய்வது, வாய் துடைப்பது எல்லாம் ஒரே தடவை எழுந்ததில் முடியட்டும். மருந்துச் சீட்டை டாக்டரிடம் காட்டி, இரவு 11க்கும் காலை 5க்கும் எழுதியிருப்பதை 10க்கும் 6க்கும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பல மருந்துகளுக்கு முடியும், ஆன்டிபயாடிக் மாதிரி சிலதுக்கு முடியாது, அதை அவர்தான் சொல்ல வேண்டும். லேசிக்ஸ் மாதிரி நீர் பிரிய வைக்கும் மாத்திரை சாயங்காலம் எழுதியிருந்தால் கட்டாயம் கேளுங்கள், அது காலையிலும் மதியத்திலும் போனால் நோயாளியும் தூங்குவார், நீங்களும் தூங்கலாம். காற்றுப் படுக்கை இல்லாவிட்டால் வாங்கச் சொல்லுங்கள், வாடகைக்கும் கிடைக்கிறது. அது வந்த பிறகு இரவில் திருப்பும் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாமா என்பதையும் தோலைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும்.

இரவில் ஒரு பங்கை வீட்டார் எடுக்க வேண்டும். 10 மணித் திருப்பலை மகன் செய்தால் நீங்கள் 9 மணிக்கே படுத்து 12 வரை தூங்கிவிடலாம். ஒரே முழுத் தூக்கம் கிடைக்காவிட்டாலும் மூன்று மணி நேரம் தொடர்ந்து கிடைத்தால் உடம்பு தாங்கும். அதோடு மதியம் இரண்டு மணி நேரம்.

டிரக்கியாஸ்டமி போட்டு இரவெல்லாம் சளி உறிஞ்ச வேண்டிய நோயாளிக்கு ஒரே ஆள் 24 மணி நேரமும் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். அது இரண்டு ஷிப்ட் வேலை. சக்ஷன் குழாயை உள்ளே விட்டு 10, 15 விநாடிக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது தூக்கக் கலக்கத்தில் இருக்கிற கைக்குத் தெரியாது, இன்சுலின் 6 யூனிட்டா 16 யூனிட்டா என்பதும் அந்தக் கண்ணுக்குத் தெரியாது. "எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல்வதைவிட, "இவருக்கு ராத்திரி முழிச்சிருக்கிற ஆள் தேவை, நைட்டுக்குத் தனியா ஒருத்தரைப் போடுங்க சார்" என்று சொல்லுங்கள்.

4. முதுகு

முதுகு போனால் இந்த வேலை போச்சு. நம் வீட்டுக் கட்டில்கள் எல்லாம் உயரம் குறைவு, ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி ஏற்ற இறக்க முடியாது. நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிறோம். ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்கு எடுக்க வசதி இல்லாத வீட்டில், தச்சரிடம் சொல்லி நான்கு கால்களுக்கும் குழி வெட்டிய மரக்கட்டை செய்து வாங்கச் சொல்லுங்கள். படுக்கை உங்கள் இடுப்பு உயரத்துக்கு வந்தால் போதும். நடமாடுகிற நோயாளியாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள், இறங்கும்போது விழுந்துவிடுவார்.

திருப்பிப் போட ஒரு பழைய பருத்தி வேட்டி இருந்தால் போதும். நாலாக மடித்து, நோயாளியின் தோளிலிருந்து தொடை நடுப்பகுதி வரை வருகிற மாதிரி விரிப்புக்கு மேல் குறுக்கே போடுங்கள், அவர் எப்போதும் அதன் மேலேயே படுத்திருக்கட்டும். திருப்பும்போது தூரத்துக் காலை மடக்கி, தூரத்துக் கையை மார்பின் மேல் வைத்து, வேட்டியின் தூர ஓரத்தை உடம்போடு ஒட்டிச் சுருட்டிப் பிடியுங்கள். உங்கள் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். இழுக்கும்போது முதுகால் இழுக்காமல், முன்காலில் இருக்கும் எடையைப் பின்காலுக்கு மாற்றுங்கள், ஆள் தானாக உங்கள் பக்கம் உருண்டு வருவார். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. கையையோ அக்குளையோ பிடித்து இழுக்கவே கூடாது, பக்கவாதம் வந்த தோள் இறங்கிவிடும். கட்டிலில் மேலே ஏற்றிப் படுக்க வைப்பது மட்டும் தனி ஆளாகச் செய்கிற வேலை இல்லை. வீட்டில் இன்னொருவர் அந்தப் பக்க வேட்டியைப் பிடிக்கும் வரை காத்திருங்கள், ஐந்து நிமிடத்தில் ஒன்றும் ஆகிவிடாது.

ஆண் நர்ஸ்கள், அதாவது பிரதர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் இதையே சொல்கிறேன். ஆண் என்பதால் கனமான நோயாளிகளையெல்லாம் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள், பலம் இருக்கிறதே என்று தூக்கிப் பழகாதீர்கள்.

5. ஊசி, கையுறை, தடுப்பூசி

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. போட்டு முடித்திருக்காவிட்டால் முதலில் அதை முடியுங்கள். வீட்டில் அதிகம் குத்துவது இன்சுலின் ஊசிதான். போட்டதும் மூடியைத் திருப்பி மாட்டாமல் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் நேராகப் போடுங்கள், குப்பைக்காரர் கையிலும் குத்தக்கூடாது. குத்திவிட்டால் பிதுக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவையா என்று பார்த்துக் கொடுப்பார்கள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். டியூட்டி முடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

6. "அப்படியே இதையும் கொஞ்சம்..."

"ஏம்மா, அப்படியே அந்த ரெண்டு பாத்திரத்தைக் கழுவிடேன்." முதல் வாரத்திலேயே இது வரும். நோயாளியின் தட்டு, டம்ளர், துணி, அறை, அவருக்கான கஞ்சி, இவை உங்கள் வேலை. மொத்த வீட்டுச் சமையலும் பாத்திரமும் உங்கள் வேலை இல்லை. வேலைக்காரம்மா வராத ஒரு நாள் மனிதாபிமானத்தில் உதவுவது வேறு, அதை நீங்களே தீர்மானியுங்கள். ஆனால் தினமும் ஆகிற மாதிரி தெரிந்தால் மூன்றாவது நாளே சொல்லிவிடுவது நல்லது, மூன்றாவது மாதம் சொன்னால் வெடித்துத்தான் சொல்வோம். குரலை உயர்த்தாமல், "அக்கா, நான் அடுப்படியில நின்னா பாட்டி எழுந்து நடக்கப் பார்ப்பாங்க, விழுந்துட்டா என்ன பண்றது" என்று சொல்லுங்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் நீங்கள் மல்லுக்கு நிற்க வேண்டாம், ஏஜென்சி பேசட்டும், அவர்கள் பிடிக்கிற கமிஷன் அதற்கும் சேர்த்துத்தான்.

பணம், நகை, ஏடிஎம் கார்டு எதையும் கையில் வாங்காதீர்கள். மருந்து வாங்கப் பணம் கொடுத்தால் பில்லோடு நோட்டில் எழுதி அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

7. கை நீளும்போது

மறதி நோய் உள்ளவர் சில சமயம் தப்பான இடத்தில் கை வைப்பார், கெட்ட வார்த்தை பேசுவார், அடிப்பார். அது நோயின் கோளாறாக இருக்கலாம், அப்போதும் நீங்கள் பொறுத்துப் போக வேண்டும் என்று இல்லை. குளிப்பாட்டும்போது வீட்டு ஆண் ஒருவர் கூட நிற்கட்டும், டாக்டரிடம் சொல்லுங்கள், முடியவில்லை என்றால் பிரதரைப் போடச் சொல்லுங்கள்.

புத்தி தெளிவாக உள்ளவர், அல்லது வீட்டு ஆண் யாராவது அப்படி நடந்தால் அது குற்றம். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள ஏஜென்சியில் இதற்கென்று உள்குழு இருக்க வேண்டும், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். உடனே உதவி வேண்டும் என்றால் பெண்கள் உதவி எண் 181க்குப் போன் செய்யுங்கள். அன்றைக்கே அந்த வீட்டை விட்டுக் கிளம்புங்கள், சம்பளம் நின்றுவிடுமோ என்று யோசிக்காதீர்கள், ரிலீவர் வரும் வரை நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் யாரையாவது கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டுப் போகலாம்.

8. உங்கள் வீடு

பிள்ளையை அம்மாவிடம் ஊரில் விட்டுவிட்டு வந்து இன்னொருவரின் அம்மாவைப் பார்க்கிற பெண்கள் நம்மில் நிறைய. போன் பேச ஒரு நேரத்தை வீட்டாரிடம் சொல்லி வாங்கிவிடுங்கள். பிள்ளை ஸ்கூல் விட்டு வந்து சாப்பிட்ட பிறகு, சாயங்காலம் 5 மணியிலிருந்து அரை மணி என்று வைத்தால், அந்த நேரத்தில் அதுவும் காத்திருக்கும். நாளெல்லாம் ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாகப் பேசினால் இரண்டு பக்கமும் திருப்தி இருக்காது, "எப்பப் பார்த்தாலும் போன்" என்ற பேச்சும் வரும்.

லீவை முன்கூட்டியே எழுதுங்கள். பொங்கல், தீபாவளி, குலதெய்வக் கோயில் திருவிழா, பிள்ளையின் பரீட்சை எல்லாவற்றையும் சேர்ந்த மாதமே காலண்டரில் குறித்து வீட்டாருக்கும் ஏஜென்சிக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பண்டிகை வாரத்தில் ரிலீவர் கிடைப்பது குதிரைக்கொம்பு, முன்னால் கேட்டவருக்குத்தான் கிடைக்கும். வார லீவைச் சேர்த்து வைத்து மாதத்துக்கு நான்கு நாளாக ஊருக்குப் போவது ஒரு வழி. ஊர் தூரமாக இருந்தால் அதுதான் முடியும், ஆனால் நடுவில் இருக்கிற வாரங்களில் அரை நாளாவது வெளியே போய் வாருங்கள். கோயிலோ கடற்கரையோ தோழி வீடோ, நோயாளியின் மூச்சுச் சத்தம் கேட்காத ஒரு இடம் வேண்டும்.

பகல் டியூட்டியோ இரவு டியூட்டியோ பார்த்து வெளியில் தங்குகிறவர்கள், தாம்பரம், கூடுவாஞ்சேரி, திருச்சி போன்ற இடங்களில் இருக்கும் அரசின் தோழி விடுதிகளை விசாரித்துப் பாருங்கள். வேலை செய்யும் பெண்களுக்கென்றே கட்டியவை.

9. நோயாளி இறந்துபோனால்

இந்த வேலையில் இது வரும், அதுவும் நம் கையிலேயே வரும். ஆறு மாதம் வாயில் ஊட்டி, தலை வாரி, "சாப்டியாமா" என்று அவர் கேட்டதைக் கேட்டு இருந்துவிட்டு, ஒரு விடியற்காலையில் நாடி பார்த்து நாமே மகளை எழுப்ப வேண்டியிருக்கும். சொந்தக்காரர்கள் வந்து அழுவார்கள், நமக்கு ஓரமாக நிற்கிற இடம்தான். அழுகை வந்தால் அழுங்கள், நர்ஸ் அழக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. சடங்குக்கு இருந்துவிட்டுப் போகச் சொன்னால், மனசு ஒப்பினால் இருங்கள்.

பல ஏஜென்சிகள் அன்றைக்குச் சாயங்காலமே அடுத்த வீட்டு முகவரியை அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாளாவது கேளுங்கள், இதையும் சேரும்போதே பேசி வையுங்கள். ஊருக்குப் போய்த் தூங்கி எழுந்து வாருங்கள். இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, அந்த விடியற்காலையே திரும்பத் திரும்ப வருகிறது என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். உயிரோடு இருந்து என்ன என்று தோன்றினால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே பேசுங்கள். உள்ளூர் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலும் காட்டலாம்.

10. ஒரு கேஸை விட்டுக் கிளம்புவது

தூக்கமும் சாப்பாடும் பேசியபடி ஒரு மாதமாகக் கிடைக்கவில்லை, சொல்லியும் மாறவில்லை என்றால் கேஸை மாற்றிக் கேளுங்கள். நோயாளி பாவம் என்று இழுத்துக்கொண்டே போனால் கடைசியில் சண்டை போட்டுத்தான் கிளம்ப வேண்டிவரும், அது நோயாளிக்குத்தான் கஷ்டம். ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள். புதிதாக வருகிறவருக்கு மருந்து, புண் கட்டும் முறை, எந்தப் பக்கம் படுத்தால் வலி, காபியில் எவ்வளவு சர்க்கரை என்பதுவரை எழுதி வையுங்கள். கிளம்பும்போது ஏஜென்சியிடம் எத்தனை மாதம் எப்படிப்பட்ட நோயாளியைப் பார்த்தீர்கள் என்று ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள், அடுத்த இடத்தில் சம்பளம் பேச அது உதவும். புது வீட்டுக்குப் போனதும் பையைப் பிரிக்கும் முன் மறுபடி அந்தப் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள், இந்தத் தடவை என்னென்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.